நாடகம் பார்த்து நான் நடத்திய மன்னிப்புக் கூட்டம்

1. மூன்று கருப்பசாமிகள்

ஒன்பதாம் வகுப்புக்குப் பொறுப்பாசிரியராக நான் போன முதல் நாள். வருகைப் பதிவேட்டைத் திறந்து "மு. கருப்பசாமி" என்று கூப்பிட்டேன். மூன்று பையன்கள் எழுந்து நின்று ஒரே குரலில் "உள்ளேன் ஐயா" என்றார்கள்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் வழியில் உள்ள நிதியுதவி பெறும் பள்ளி அது. நான் கணக்கு ஆசிரியர். எண்பதுகளின் கடைசி. எங்கள் பக்கத்தில் குலசாமி பெயரைத்தான் பிள்ளைக்கு வைப்பார்கள், தாத்தா பெயர் பேரனுக்கு வரும். முனியசாமி மகன் கருப்பசாமி, அந்தக் கருப்பசாமி மகன் மறுபடியும் முனியசாமி. ஆகையால் இனிஷியலும் உதவாது. எனக்கு முன்னால் இருந்த ஆசிரியர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டுக் கூப்பிட்டிருக்கிறார். 'மூணுன்னா எம்புள்ள மட்டமா?' என்று ஒரு தாய் வந்து சண்டை போட்டதாகச் சொன்னார்கள். எனவே நான் வேறு வழி செய்தேன். அதை நல்ல வழி என்றே நினைத்தேன்.

சைக்கிளில் வருகிறவன் சைக்கிள் கருப்பசாமி. பாலவனத்தத்திலிருந்து வந்து மாமன் வீட்டில் தங்கிப் படிக்கிறவன் பாலவனத்தம் கருப்பசாமி. மூன்றாமவனிடம் கேட்டேன்.

"உங்க அப்பா என்னப்பா செய்றாரு?"

"கரிமூட்டம் போடுறாக சார்."

"அப்ப நீ மூட்டம் கருப்பசாமி."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவனும் மேசையைப் பார்த்துக்கொண்டு சிரித்தான். புதிய வகுப்பில் முதல் நாளே பிள்ளைகளைச் சிரிக்க வைத்துவிட்ட திருப்தி எனக்கு. வருகைப் பதிவு மூன்று நிமிடத்தில் முடிந்தது. தலைமையாசிரியர்கூட, "நல்ல டெக்னிக் சார்" என்றார்.

சீமைக்கருவேலை வெட்டி அடுக்கி, மேலே தழையும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே நெருப்பு வைத்துப் புகையவிட்டுக் கரியாக்குவது கரிமூட்டம். மழை பொய்த்த வருடங்களில் எங்கள் ஊர்களில் பல வீடுகளில் உலை கொதித்தது அதனால்தான். தொழிலின் பெயரைச் சொல்வதில் இழிவு என்ன என்று யாராவது அன்று கேட்டிருந்தால் வாதாடியிருப்பேன்.

இரண்டு வாரத்தில் ஒன்று கவனித்தேன். மற்ற இருவரும் சைக்கிள் கருப்பசாமி, பாலவனத்தம் கருப்பசாமி என்று முழுசாகவே இருந்தார்கள். இவனுக்கு மட்டும் கருப்பசாமி உதிர்ந்துபோய் 'மூட்டம்' மிஞ்சியது. தமிழாசிரியர்கூட, "மூட்டம், எந்திரிச்சு அந்தச் செய்யுளைச் சொல்லு" என்பார். ஏன் இவனுக்கு மட்டும் அப்படி ஆனது என்பது எனக்கு அன்று வியப்பாக இருந்தது. வியப்பாக மட்டும்தான் இருந்தது.

2. எல்லாருக்கும் சளி

அவன் வகுப்புக்குள் வந்தால் பையன்கள் இரும ஆரம்பித்தார்கள். முதலில் இரண்டு பேர், பிறகு ஒரு வரிசை, பிறகு பாதி வகுப்பு.

"ஏலே, புகையுதுலே, சன்னலைத் தெறங்க!"

"கண்ணு எரியுதுலே. மூட்டத்த மண்ணள்ளிப் போட்டு மூடுங்க."

அவனுடைய பைக்குள் கரித்துண்டு போட்டார்கள். அவன் உட்காரும் இடத்தில் கரியைத் தேய்த்து வைத்தார்கள். வெள்ளைச் சட்டையின் முதுகில் கைத்தடங்களோடு அவன் கரும்பலகைக்கு வந்து கணக்குப் போட்ட நாள்கள் உண்டு. எனக்கு எல்லாம் தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். இருமல் தெரியும். ஒருநாள் நானே, "என்னப்பா, எல்லாருக்கும் ஒரே நேரத்துல சளி பிடிச்சிருச்சா?" என்று கேட்டேன். அதற்கும் சிரிப்பு.

பத்தாம் வகுப்புக்கு அதே பிள்ளைகளோடு நானும் போனேன். கருப்பசாமி காலையில் தாமதமாக வரத் தொடங்கினான். அசெம்பிளி முடிந்து எல்லாரும் வகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் கேட்டுக்குள் நுழைவான். தாமதமாக வருகிறவர்களை வராந்தாவில் முட்டி போட வைப்பது வழக்கம். வாரத்தில் நான்கு நாள் அவன் அங்கே முட்டி போட்டிருந்தான். அசெம்பிளி வரிசையில் நின்று இருமலைக் கேட்பதைவிட அது அவனுக்கு மேலாக இருந்திருக்கிறது என்று பிற்பாடு புரிந்தது. கணக்கில் எண்பதுக்கு மேல் வாங்கியவன் நாற்பதுக்கு இறங்கினான். மதிப்பெண் அட்டையில் 'கவனக் குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

3. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்

பெற்றோர் ஆசிரியர் கழகம் பள்ளிக்கு ஒரு கறுப்பு வெள்ளை டிவி வாங்கிக் கொடுத்திருந்தது. மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருப்போம். வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் சென்னை நிலையத்திலிருந்து நாடகம் வரும். அந்த வாரம் ஒரு பள்ளிக்கூடத்துக் கதை, பையன்கள் ஒருவனைக் கேலி செய்வதைப் பற்றியது என்று முன்னோட்டத்தில் சொன்னார்கள். தலைமையாசிரியரிடம் கேட்டு, ஸ்பெஷல் கிளாஸுக்கு இருந்த பத்தாம் வகுப்பை ஹாலில் உட்கார வைத்தேன். மூட்டம் கருப்பசாமியும் அதில் இருந்தான். பாலவனத்தம் கருப்பசாமி மாடியேறி ஆண்டெனாவைப் பிடித்துக்கொண்டான்.

"தெரியுதாலே?"

"புள்ளி புள்ளியா வருது. இன்னுங் கொஞ்சம் மேக்க திருப்பு! கொடைக்கானல் டிவி டவரு எங்க இருக்குன்னு தெரியாதாலே ஒனக்கு?"

கதை இதுதான். பட்டணத்துப் பள்ளியில் ஒரு பையன். அவனுடைய அம்மா நடைபாதையில் இட்லி விற்கிறவர். பையனை எல்லாரும் 'இட்லி' என்று கூப்பிடுகிறார்கள். சாப்பாட்டு டப்பாவைப் பிடுங்குகிறார்கள். அவன் ஒருநாள் பள்ளிக்கு வராமல் ரயிலேறிப் போய்விடுகிறான்.

எங்கள் பிள்ளைகளுக்குச் சந்தேகம் மேல் சந்தேகம்.

"இட்லி விக்கிறவுக வீட்டுப் புள்ளைக்கு எதுக்கு சார் அழுக? தெனமும் இட்லி கெடைக்குமே!" என்றாள் செல்வி. எங்கள் பக்கத்தில் அன்று இட்லி என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான்.

"வகுப்புக்குள்ள தலைக்கு மேல காத்தாடி சுத்துது பாருலே. படிக்கிறானுகளா, தூங்குறானுகளா?"

"அது நெசப் பள்ளிக்கூடமா சார், செட்டு போட்டதா?"

நான் கடைசியில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். நாடகத்தில் தலைமையாசிரியர் வகுப்புக்குள் வந்து நிற்கிறார். "இந்தப் பேரை முதன்முதலா வச்சது யாரு?" என்று கேட்கிறார். அப்போது எங்கள் ஹாலில் முன் வரிசையில் ஒருவன் திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு இன்னொருவன். பிறகு மொத்தமாக, ஏறத்தாழ ஐம்பது தலைகள்.

எனக்குப் பின்னால் சுவரில் பாம்பு கீம்பு இருக்கிறதோ என்று நானும் திரும்பிப் பார்த்தேன். வெறும் சுவர்தான் இருந்தது.

நாடகத்தில் ஒரு பணக்காரப் பையன் எழுந்து அழுதான். காணாமற்போனவனைக் கண்டுபிடித்துக் கூட்டி வந்தார்கள். பிரார்த்தனைக் கூட்டத்தில் கேலி செய்தவர்கள் வரிசையாக வந்து கைகொடுத்து மன்னிப்புக் கேட்டார்கள். அவன் சிரித்தான். நாடகம் முடிந்தது.

மறுநாள் ஆசிரியர் அறையில் தமிழாசிரியரிடம் கேட்டேன். "சார், நேத்து பிள்ளைக ஏன் என்னையத் திரும்பிப் பாத்தாங்க?"

அவர் வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மூட்டம்னு பேரு வச்சது நீங்கதான சார்?" என்றார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னார்.

4. பதினொரு முறை பரவாயில்லை

அதைக் கேட்ட பிறகு எனக்கு ஓர் அவசரம் வந்தது. இதில் யாராவது உடனே தண்டிக்கப்பட வேண்டும் என்கிற அவசரம். அது எதற்கு என்று அன்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. இருமுகிறவர்கள், கரி தேய்க்கிறவர்கள் என்று விசாரித்துப் பதினொரு பேரின் பட்டியல் எடுத்தேன். விசாரணையை நன்றாகவே செய்தேன். தலைமையாசிரியரிடம் போய், "நாடகத்துல வந்த மாதிரியே அசெம்பிளியில மன்னிப்புக் கேக்க வைப்போம் சார்" என்றேன்.

"பிரமாதமான யோசனை சார். கல்வி ஆய்வாளர் வந்தா இதச் சொல்லலாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை. கருப்பசாமியை முன்கூட்டியே வரச் சொல்லிக் கொடிக்கம்பத்தின் பக்கத்தில் நிறுத்தினேன். அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பள்ளி முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொருவனாக வந்து கைகொடுத்து, "என்னை மன்னித்துவிடு" என்றான். அவன் ஒவ்வொருவனிடமும் "பரவாயில்ல" என்றான். ஆறாவதாக வந்தவன் பாண்டி. முரடன்தான், ஆனால் அன்றைக்கு உள்ளபடியே மனம் வருந்தி வந்தான், கண் கலங்கியிருந்தது. கருப்பசாமியின் கையைப் பிடித்துக்கொண்டு உரக்கச் சொன்னான்.

"என்னைய மன்னிச்சிரு மூட்டம்."

அப்புறம் சின்ன வகுப்புப் பிள்ளைகள் தொடங்கி, மொத்தப் பள்ளியும் சிரித்தது. ஆசிரியர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நானும் உதட்டைக் கடித்துக்கொண்டேன். பாண்டி திகைத்துப்போய், "சார், எனக்கு அவம் பேரு மறந்துருச்சு சார்" என்று என்னைப் பார்த்துச் சொன்னான். அதற்கும் சிரிப்பு. மிச்சமிருந்த ஐந்து பேரும் வந்து கைகொடுத்தார்கள். கருப்பசாமி ஐந்து பேருக்கும் "பரவாயில்ல" சொன்னான்.

மறு வாரம் அவன் வரவில்லை. அதற்கு மறு வாரமும் வரவில்லை.

அரசுத் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பும் சமயம். நாமினல் ரோல் என்போம். அதில் பெயர் ஏறாதவன் அந்த வருடம் எஸ்.எஸ்.எல்.சி. எழுத முடியாது. அவனுக்கு ஏற்கனவே வருகை நாள் குறைச்சல். "இந்த வாரத்துக்குள்ள பையன் வந்துட்டா கொறஞ்ச நாளுக்கு எப்பிடியாச்சும் விலக்கு, கண்டோனேஷன் வாங்கிருவோம் சார். வரலைன்னா பேர எடுத்துற வேண்டியதுதான்" என்றார் தலைமையாசிரியர்.

5. புகையின் நிறம்

சனிக்கிழமை பஸ்ஸில் போய் இறங்கி, ஒரு கண்மாய்க் கரையோடு மூன்று மைல் நடந்தேன். கண்மாய்க்குள் தண்ணீர் இல்லை, கருவேலங்காடுதான். நடுவில் வெட்டவெளியில் நான்கு மூட்டங்கள் புகைந்துகொண்டிருந்தன. கருப்பசாமி ஒரு மூட்டத்தைச் சுற்றி வந்து, மண் வெடித்த இடங்களில் ஈரமண்ணை அப்பிக்கொண்டிருந்தான். அவனுடைய அப்பா முனியசாமி என்னைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டார்.

"சாரு எம்புட்டுத் தூரம் நடந்து வந்துருக்காக! ஏலே, சாக்கை ஒதறி விரிச்சுப் போடு. இந்தா, சாருக்குத் தண்ணி கொண்டா."

அவனுடைய அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். "பள்ளிக்கூடத்துல என்ன சார் பண்ணுனான்? அவுக அப்பா அடிச்சுக் கேட்டும் வாயத் தெறக்க மாட்டேங்கான்."

அவன் வீட்டில் சொல்லவில்லை. ஒன்றரை வருடமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றான்.

"அவன் ஒண்ணும் பண்ணலைம்மா. பயலுகதான் கேலி பண்ணியிருக்காங்க. எல்லாரையும் கண்டிச்சுட்டேன்" என்றேன்.

"கேலிக்கா பள்ளிக்கூடத்த விட்ட? கூறுகெட்ட பயலே" என்று முனியசாமி கையை ஓங்கினார். நான் தடுத்தேன். தடுத்ததற்கு, "சாருக்கு எம்புட்டு நல்ல மனசு" என்றார் அம்மா.

பேச்சை மாற்றுவதற்காக மூட்டத்தைப் பற்றிக் கேட்டேன். உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசையாகவும் இருந்தது. உள்ளே விறகு கரியாகிவிட்டது என்று வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? கருப்பசாமி சொன்னான். "மொதல்ல பொக வெள்ளையா, தண்டியா வரும் சார். அது வெறகுல இருக்குற தண்ணி. தண்ணியெல்லாம் போகப்போகப் பொக மெலியும். நீலமா, நூலு மாதிரி வந்துச்சுன்னா கரி ஆயிருச்சு. அப்பம் பொத்தலையெல்லாம் அடைச்சுறணும். ஒரு பொத்தல விட்டாலும் உள்ள காத்துப் போயி எல்லாம் சாம்பலாயிரும்."

அவன் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. என் வகுப்பில் ஒன்றரை வருடம் இருந்தவன்.

பஸ் ரோடு வரை துணைக்கு அனுப்பினார் முனியசாமி. கருப்பசாமி எனக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நடந்து வந்தான். பாதி வழியில் அவனாகவே பேசினான்.

"சார், அன்னைக்கு நாடகத்துல எல்லாரும் ஒங்களத்தேன் திரும்பிப் பாத்தாக."

"பாத்தாங்கப்பா."

"நான் பாக்கல சார்."

"ஏன்?"

"எனக்குத்தேன் தெரியுமே."

பிறகு சொன்னான். "அசெம்பிளில அந்த வரிசையில கடைசியா நீங்க வருவீகன்னு நெனச்சேன் சார். அதுக்காண்டித்தேன் எல்லாத்துக்கும் பரவாயில்ல சொல்லிக்கிட்டு நின்னேன்."

நான் நடையைக் குறைத்தேன், அவனும் அதே இரண்டடி தள்ளிக் குறைத்துக்கொண்டான்.

"திங்கக்கெழம வாரேன் சார். அசெம்பிளில நீங்க ஒரு வார்த்த சொல்லிருங்க. 'பேரு வச்சது நாந்தேன், தப்பு'ன்னு. அப்பறம் எவன் இருமுனாலும் நான் படிச்சுக்கிருவேன்."

"சொல்றேன்ப்பா" என்றேன். பஸ் வந்தது. ஏறினேன்.

6. திங்கட்கிழமை

அவன் வந்தான். மாதக்கணக்கில் இல்லாத வழக்கமாக, முதல் மணிக்கு முன்பே வந்தான். துவைத்த சட்டை. பத்தாம் வகுப்பு வரிசையில் கடைசியில் நின்றான். திங்கட்கிழமை அசெம்பிளியில் ஓர் ஆசிரியர் ஐந்து நிமிடம் பேசுவது எங்கள் பள்ளியின் முறை. அன்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மைக்கின் முன்னால் போய் நின்றேன். கேலி செய்வது பாவம் என்றேன். ஒரு பெயர் ஒரு பிள்ளையின் வாழ்க்கையையே கெடுத்துவிடும் என்றேன். நாடகத்தைச் சொன்னேன். சிறியவர்கள் செய்கிற தவற்றைச் சில சமயம் பெரியவர்களும் செய்துவிடுவதுண்டு என்றேன். அவ்வளவு தூரம்தான் போக முடிந்தது. எதிரே பள்ளி முழுவதும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் தலைமையாசிரியர் தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார். "ஆகவே நாம் அனைவரும் அன்போடு பழகுவோம்" என்று முடித்தேன். கைதட்டினார்கள்.

வரிசை கலைந்து பிள்ளைகள் வகுப்புக்குள் போனார்கள். கருப்பசாமி கேட்டைத் தாண்டித் திருச்சுழி ரோட்டில் நடந்துகொண்டிருந்தான். ஓடவில்லை, வேகமாகக்கூட நடக்கவில்லை. கூப்பிட்டால் காது கேட்கும் தூரம்தான். கூப்பிட வாயைத் திறந்தேன். நான் வைத்த பெயர்தான் நாக்கில் வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டேன்.

வார முடிவில் பட்டியலில் அவனுடைய பெயரை நானே அடித்தேன். 'நீண்ட நாள் வராமை' என்று காரணம் எழுதினேன். ஒரு மாதம் கழித்து அந்தக் கண்மாய்க்கு மறுபடி போனேன். மூட்டம் வேலை முடிந்து, அவர்கள் கருவேலங்காட்டைக் குத்தகை எடுத்தவரோடு வேறு கண்மாய்க்குப் போயிருந்தார்கள். எந்தக் கண்மாய் என்று நான்கு ஊரில் விசாரித்தால் தெரிந்திருக்கும். நான் விசாரிக்கவில்லை.

இதை அதற்குப் பிறகு சில பேரிடம் சொல்லியிருக்கிறேன். என் மனைவியிடம், என்னோடு வேலை பார்த்தவர்களிடம், பணி ஓய்வு விழாவில் இளைய ஆசிரியர்களிடம். சொல்லும்போதெல்லாம், "நான் சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். வாத்தியார் மன்னிப்புக் கேட்டால் பள்ளிக்கூடத்தில் கட்டுப்பாடு போய்விடும் என்று தலைமையாசிரியர் தடுத்துவிட்டார்" என்று சேர்த்துக்கொள்வேன். கேட்டவர்கள் தலைமையாசிரியரைத் திட்டினார்கள். அவர் இப்போது இல்லை. அவர் தடுக்கவில்லை. அவரிடம் நான் கேட்கவே இல்லை.

ஆசிரியர் வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் இதைப் படித்தால், நான் சொல்வதற்கு ஒன்றுதான் இருக்கிறது. ஒரு பிள்ளையிடம் தவறு செய்துவிட்டால், அதை எந்த வகுப்பின் முன்னால் செய்தீர்களோ அதே வகுப்பின் முன்னால், அந்த வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள். ஏப்ரல் வந்தால் வகுப்பு கலைந்துவிடும். திருப்பூருக்கும் சென்னைக்கும் துபாய்க்கும் போய்விடுவார்கள். என் வகுப்பும் போய்விட்டது. பெயர் வைத்தது நான்தான், அது தப்பு என்று இன்று உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. அவனையும் உங்களுக்குத் தெரியாது.